பூக்கணக்கு நோட்டில் கிடந்த மைலேஜ்

செக்கானூரணிக்குப் பக்கத்தில், தேனி ரோட்டு ஓரம்தான் என் பட்டறை. இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய டீசல் வண்டிகள்தான் என் பிழைப்பு. போன கார்த்திகையில் ஒரு மத்தியானம், மதுரை மாட்டுத்தாவணியில் பூ இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ வியாபாரி ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். 2005 மாடல் ஜீப், நாலு சிலிண்டர், மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் சமாசாரம் எதுவும் கிடையாது.

"தம்பி, லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்ப ஒன்பதரைதான் கொடுக்குது. பூவே வராத மாசம், பாதி லோடு கூட இல்ல, அப்பவும் குடிக்குது" என்றார்.

அவருக்குப் போக வர ஒரு நாளைக்குச் சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டம். 13 கொடுத்தால் ஏழு லிட்டர் போதும், ஒன்பதரை என்றால் ஒன்பதரை லிட்டர் வேண்டும். லிட்டர் 92 ரூபாய்க்கு மேல் விற்கும்போது தினமும் 230 ரூபாய் புகையாகப் போகிறது என்று அர்த்தம். மல்லி வரத்துக் குறைந்த மாதத்தில் அது அவர் வீட்டுக்குப் போக வேண்டிய பணம்.

வழக்கமாக என்ன செய்வோமோ அதைத்தான் முதலில் செய்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே செம்மண் படிந்து கிடந்தது. இந்த மாதிரி இன்ஜினில் பம்ப் தன் பாட்டுக்கு டீசலை அனுப்பிக்கொண்டே இருக்கும், காற்று குறைந்தால் எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியே வரும். ஃபில்டரை மாற்றிவிட்டு, சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற நாலு நாசிலையும் கழற்றி டவுனில் பம்ப் வேலை பார்க்கும் இடத்துக்கு எடுத்துப்போனேன். டெஸ்டரில் மாட்டிக் கையால் அழுத்திப் பார்த்ததில் இரண்டு நன்றாகப் பனி மாதிரி அடித்தது, இரண்டு மூக்கு ஒழுகுவது போலச் சொட்டியது. அந்த இரண்டையும் மாற்றி, பிரஷர் வைத்து, திரும்ப மாட்டியதும் புகை பாதியாகக் குறைந்தது. எனக்குத் திருப்தி, அவருக்கும் திருப்தி.

பத்து நாளில் திரும்ப வந்தார். "ஒரு கிலோமீட்டர்தான் தம்பி கூடியிருக்கு. பத்தரை."

அன்றைக்கு நான் பம்ப்பைக் கழற்றச் சொல்லியிருப்பேன், அந்த வேலையே பல ஆயிரத்தில் போய் நிற்கும். அதற்கு முன்னால், எதை வைத்து அண்ணே இவ்வளவு சரியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்தார். இடது பக்கம் யார் யார் எத்தனை கிலோ பூ போட்டார்கள் என்ற கணக்கு, வலது ஓரத்தில் பென்சிலில் மீட்டரும் லிட்டரும். மூன்று வருடமாக ஒரே பங்க், ஒவ்வொரு முறையும் டேங்க் நிறைய அடிப்பது, நுரை அடங்கும்வரை நின்று திரும்ப நிரப்பச் சொல்வது. இதைவிடச் சுத்தமான அளவை நான் எந்த வண்டிக்காரரிடமும் பார்த்ததில்லை.

ஒரு டீயைக் குடித்துக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் புரட்டினேன். மைலேஜ் சீராக இறங்கவில்லை. ஒரு இடத்தில் திடீரென்று 13லிருந்து பன்னிரண்டே காலுக்கு விழுந்திருந்தது, அப்புறம் அப்படியே நின்றது. பல மாதம் கழித்து ஒரு சித்திரையில் இன்னொரு சரிவு, பதினொன்றரைக்குக் கிட்டே. அதற்கு அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி ஒன்பதரைக்கு வந்திருக்கிறது. நாசில் கெட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும், ஒரே நாளில் முக்கால் கிலோமீட்டர் விழாது. அப்படியென்றால் அந்த இரண்டு தேதியில் என்ன நடந்தது?

முதல் தேதியைக் காட்டியதும் அவரே சொல்லிவிட்டார், டயர் மாற்றிய வாரம். காட்டுப் பாதைக்கு நல்லது என்று ஒரு சைஸ் பெரிய டயர் போட்டிருக்கிறார். டயர் உயரமானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும், ஆனால் மீட்டர் பழைய டயர் கணக்கிலேயே எண்ணும். கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் ஓட்டிப் பார்த்தோம், கல் கணக்கில் 10 போனால் மீட்டரில் ஒன்பதரைக்கும் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. அந்தச் சரிவு டீசலில் இல்லை, மீட்டரில்தான்.

இரண்டாவது தேதியைப் பார்த்ததும் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சித்திரையில் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது வண்டி கொதித்துவிட்டது என்று என்னிடம்தான் கொண்டுவந்தார், நான்தான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எடுத்துவிட்டேன். நம் பக்கம் பட்டறைக்காரர்கள் பலருக்கும் இருக்கிற பழக்கம் அது: நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு வால்வு, தண்ணீர் தாராளமாக ஓடட்டும் என்று.

அது தப்பு. அந்த வால்வு பொதுவாக 80 டிகிரி தாண்டித்தான் திறக்கும், அதுவரை இன்ஜினைச் சூடேற விடுவதுதான் அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் விடியற்காலை மூன்று மணிக்கு, பனியில், காலி ரோட்டில் போகிற வண்டி கடைசிவரை அந்தச் சூட்டுக்கே வராது. சிலிண்டர் சுவர் குளிர்ந்திருக்கும், ஆயில் கெட்டியாக இழுக்கும், டீசல் நேரத்துக்கு எரியாது. அவரிடம் கேட்டேன், டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கும் என்று. "அது கீழேயேதான் கிடக்கும் தம்பி, நல்லதுதானே?" என்றார். அவருக்கு அப்படி நினைக்க வைத்ததே நான்தான் என்பது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வண்டி கொதித்த உண்மையான காரணம் ரேடியேட்டர். இத்தனை வருடம் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புக் கட்டியிருந்தது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது வால்வு போட்டு, கூலன்ட் ஊற்றினேன். இந்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை.

அப்புறம் நாகமலை புதுக்கோட்டைவரை பிரேக் அதிகம் மிதிக்காமல் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து, நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். பின்னால் இடது டிரம்மில் மட்டும் அனல் அடித்தது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றுவிட்டது. டிரம்மைத் திறந்தால் பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்து, மிதித்த பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை, பத்து நிமிடம் ஆகாது, ஒரு ஸ்பேனர் கூட வேண்டாம்.

தை மாதம் நோட்டோடு வந்தார். மீட்டர் கணக்கில் 11.7, டயருக்குக் கூட்டிப் பார்த்தால் உண்மையில் 12.4. மிச்சம் இருக்கிற அரைக் கிலோமீட்டர் சொச்சம், இன்ஜின் தேய்ந்து கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்துகிற பலம், குறைந்ததில் போகிறது, இன்ஜினைத் திறந்தால்தான் அது வரும், இந்த ஓட்டத்துக்கு அந்தச் செலவு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இப்போது அந்த நோட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. டீசலுக்குப் பக்கத்தில், வண்டியில் என்ன வேலை பார்த்தோம், எதைக் கழற்றினோம் என்று எழுதுகிறார். வேலை முடிந்ததும் அந்த வரியை என் கையால் எழுதச் சொல்கிறார்.