அப்பாவின் வலது கை

நவம்பர் 4, திங்கள்

சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதுமாம்; டிசம்பரிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகம். சம்மதமா என்று 15ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

அப்பா பக்கவாதம் வந்த வலது கையால் ரப்பர் பந்தை இன்று ஒன்பது முறை அழுத்தினார்.

நவம்பர் 5, செவ்வாய்

இன்றும் ஒன்பதுதான்.

நவம்பர் 7, வியாழன்

மனசு ஆறவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் திங்கட்கிழமை முதல் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். சோதனை சர்வரின் கடவுச்சொல் மாறியிருந்தது. நான் ஒரு வரி சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஏன் கேட்கவில்லை என்றேன். "உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வேலையாக இருப்பதாகச் சிவப்புப் புள்ளி இருந்ததே, அக்கா" என்கிறான். அந்த நேரம் நான் அப்பாவுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில், தரமணி அலுவலகத்தில் நான் சேர்ந்த புதிதில் யாரிடமும் எதையும் கேட்டதாக நினைவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். அந்தச் சக்கரச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இவனுக்கு யார் உருட்டிக்கொண்டு வருவார்கள்? பதில் தாமதமாக வருவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். இவன் கேள்வியே வரவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கே மின்சாரம் போனது. பதினொன்றரைக்கு இன்வெர்ட்டரும் கைவிட்டது. பந்து: பதினொன்று!

நவம்பர் 10, ஞாயிறு

இரண்டு ஆய்வுகளைப் படித்தேன். சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,600க்கும் மேற்பட்டோரிடம் நடந்தது ஒன்று. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டதில் வேலையை விட்டுப் போவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்களாம். பதவி உயர்வுக்கும் பாதிப்பில்லை. மற்றொன்று மைக்ரோசாஃப்டின் 61,000 ஊழியர்களைப் பற்றியது. 2020இல் எல்லாரும் வீட்டுக்குப் போனதும் குழுக்கள் தனித்தனித் தீவுகளாகிவிட்டன என்கிறது. இரண்டையும் நம்புகிறேன்.

ஆனால் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் என்பது சாயங்காலம் வீடு திரும்புகிறவர்களுக்குச் சரி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். திருநெல்வேலி போய் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போதுதான் எழும்பூர். மூன்று இரவு அப்பாவை யார் திரும்பிப் படுக்க வைப்பார்கள்? சித்தி வருவாள். சித்திக்கே முழங்கால் வலி.

நவம்பர் 12, செவ்வாய்

நான்கு மணியிலிருந்து ஐந்து வரை அழைப்பைத் திறந்தே வைத்துக்கொள்வோம் என்று பையனிடம் சொன்னேன். அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாம், பேச வேண்டியதில்லை. இருபது நிமிடம் அவன் விசைப்பலகைச் சத்தம் மழைபோல் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. "என்ன?" என்றேன். மாட்டிக்கொண்டிருந்தான். ஐந்தே நிமிடத்தில் முடித்தோம்.

போகும்போது, "அது என்ன சத்தம், அக்கா, டக்டக்கென்று?" என்றான். அப்பாவின் கைத்தடி. கூடத்தைச் சுற்றி வந்திருக்கிறார், நான் பார்க்கவே இல்லை.

நவம்பர் 13, புதன்

மழை. இணையம் இல்லை. நான்கு மணி வீணாகப் போயிற்று.

நவம்பர் 14, வியாழன்

பந்து: பதினான்கு. அப்பாவே எண்ணினார். பன்னிரண்டை விட்டுவிட்டார், நான் திருத்தவில்லை. பிறகு, "நீ போயிட்டு வா, தாயி" என்றார். குழறாமல் சொன்னார்.

மின்னஞ்சலைத் திறந்து ஒரு வரி எழுதினேன், அழித்தேன். நான்கு மணிக்குப் பையன் அவனாகவே அழைத்துவிட்டான்.