கடைசி ஆண்டில் ஒரு கருத்தரங்க அழைப்பு

கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை ஏற்கப்பட்ட மகிழ்ச்சியோடு கடைசி ஆண்டு ஆய்வு மாணவர் ஒருவர் என் அறைக்கு வரும்போது, வாழ்த்தியதும் நான் கேட்பது இதைத்தான்: உங்கள் உதவித்தொகை எந்த மாதத்தோடு நிற்கிறது? அந்த முகத்தைப் பார்த்து இதைக் கேட்பது எனக்குக் கடினம். நெறியாளராக இருப்பவர் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

பதிவுக் கட்டணம், டிக்கெட், தங்குமிடம் என்று கூட்டிப் பார்ப்பது எளிது. பணம் கைக்கு வரும் வழிதான் மாணவரை வருத்துகிறது. பயண நல்கைகளில் பல முன்பணமாகக் கிடைப்பதில்லை. முதலில் தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டும். திரும்பி வந்து போர்டிங் பாஸ் முதல் விடுதி ரசீது வரை இணைத்துக் கொடுத்தால், கோப்பு மேசை மேசையாக நகர்ந்து பணம் பிறகு வரும். அதுவும் செலவு முழுவதையும் ஈடுகட்டும் என்பதற்கு உறுதி இல்லை. விசா மறுக்கப்பட்டால் அதற்குக் கட்டிய கட்டணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. சேமிப்பு உள்ளவருக்கு இது வெறும் காத்திருப்பு. இல்லாதவருக்கோ, ஆய்வேட்டை முடிக்க ஒதுக்கியிருந்த வாடகைப் பணமே இதில் கரைந்துபோகிறது. திறமை ஒன்றாக இருந்தும் ஒருவர் போகிறார், இன்னொருவர் போவதில்லை. துறைக் கூட்டங்களில் இதைப் பற்றி நாங்கள் பேசாமல் இருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நாட்கணக்கும் அப்படித்தான். சில நாள் கருத்தரங்குக்காக அதற்கு முன்பே ஸ்லைடு, ஒத்திகை, விசா விண்ணப்பம் என்று வாரங்கள் போகின்றன. திரும்பி வந்து பாதியில் விட்ட இயலைத் திறந்தால், வாதம் எங்கே நின்றது என்று பிடிபடவே நேரமாகிறது.

ஆனாலும் போகவே வேண்டாம் என்று நான் சொல்பவன் அல்லன். நான் ஆய்வைத் தொடங்கிய காலத்தில், கருத்தரங்கு ஒன்றில் என் ஆய்வை விளக்கிய போஸ்டர் முன் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் என் தரவுத் தேர்வைப் பற்றிக் கேட்ட கேள்வியால் ஓர் இயலின் போக்கே மாறியது. அப்போது மாற்றி எழுத எனக்கு ஆண்டுகள் இருந்தன. கடைசி ஆண்டில் அதே கேள்வி வந்திருந்தால் குறித்து வைத்துக்கொள்ளத்தான் முடிந்திருக்கும். அந்த ஆண்டு வந்த அழைப்பை மறுத்துவிட்டு எழுதி முடித்தேன். மறுத்ததில் இழப்பு இருந்தது. முடித்ததால்தான் வேலைக்கு விண்ணப்பிக்க முடிந்தது.

துறையையும் பார்க்க வேண்டும். கணினி அறிவியலின் பல பிரிவுகளில் மாநாட்டுக் கட்டுரையே முதன்மை வெளியீடு. அங்கேயும் கட்டுரையைச் சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர் போய் வழங்கினால் பெரும்பாலும் போதும். வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் ஆய்விதழ்க் கட்டுரையும் நூலும்தான் கூடுதல் மதிப்புப் பெறுகின்றன. 2020இல் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் நடக்கவிருந்த, இயந்திரக் கற்றல் துறையின் ஐசிஎல்ஆர் (ICLR) மாநாடு பெருந்தொற்றால் முழுவதும் இணையவழியில் நடந்தது. இடைவேளைப் பேச்சுகளை இணையம் ஈடுசெய்யாது என்பது உண்மைதான். ஆனால் கட்டுரையை வழங்க விமானம் ஏறியே ஆக வேண்டும் என்ற நிலை இல்லை என்பது அப்போது தெரிந்துவிட்டது.

ஆகவே, இறுதி இயல் எழுதாமல் இருப்பவரிடம் இணையவழியில் வழங்க இடம் உண்டா என்று அமைப்பாளர்களுக்கு எழுதச் சொல்கிறேன். முழு வரைவு முடித்தவர், அடுத்த வேலைக்கான தொடர்புகள் அங்கே கிடைக்கும் என்றால், போகட்டும். அவர்களுக்காவது பயணத்துக்கு முன்பே பணம் தரவேண்டும் என்று துறைத் தலைவருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த நிதிக் குழுக் கூட்டத்தில் அதை நானே முன்வைக்கிறேன்.