கைப்பிடி கனக்கும் இடம்

அறிவியல் மையத்துக்குள் நுழையும் குழந்தையின் கை முதலில் முந்தும். கை பட்டு ஏதாவது அசைந்தால் கண் அங்கே நிற்கும். ‘ஏன் இப்படி?’ என்று தோன்றிய பிறகுதான் பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கும். இந்த வரிசையை மறந்துவிட்டுச் செய்த காட்சிப்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் முன்னால் யாரும் நிற்கமாட்டார்கள். இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் மையம் இந்த வரிசையை நம்பித்தான் வளர்ந்தது.

பொத்தானால் மட்டும் இது நடந்துவிடாது. பிள்ளைகள் பொத்தானை அமுக்கிவிட்டு, விளக்கு எரிவதற்குள் அடுத்த பொத்தானுக்கு ஓடிவிடுவார்கள். அமுக்கிய விரலுக்கும் நடந்த விஷயத்துக்கும் உள்ள தொடர்பு கையில் உறைப்பதில்லை. அதனால் முடிந்த இடத்திலெல்லாம் பொத்தானை எடுத்துவிட்டு, கைக்கு எடை தெரிகிற ஒன்றை வைப்பது நல்லது.

கையால் சுற்றும் மின்னாக்கியையே எடுத்துக்கொள்வோம். ஒரு கைப்பிடி, மூன்று சுவிட்சு, மூன்று பல்பு. ஒரு பல்பைப் போட்டுச் சுற்றினால் லேசாகப் போகும். மூன்றையும் போட்டால் கைப்பிடி சட்டென்று கனக்கும். மின்சாரம் சும்மா வருவதில்லை என்பதைத் தோள் தெரிந்துகொள்கிற இடம் அதுதான். இதை அடுத்த மனிதருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, சுற்றத்தான் வேண்டும்.

மோட்டாரை வெளியிலிருந்து சுற்றினால் அதுவே மின்னாக்கி. மின் சைக்கிளில் வரும் 24 வோல்ட், 250 வாட் மோட்டார் இதற்குப் போதும். பல்சக்கரப் பெட்டியோடு, நிமிடத்துக்கு 300 சுற்றுக்குச் சற்று மேல் ஓடுகிற வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவு என்று கார் வைப்பர் மோட்டாரை வாங்கிவிடக்கூடாது. அதன் உள்ளே இருப்பது வார்ம் கியர் என்ற திருகுப் பல்சக்கரம், வெளித்தண்டைப் பிடித்துத் திருப்பினால் அசையாது. கைப்பிடித் தண்டில் சைக்கிளின் 44 பல் சக்கரம், மோட்டார் தண்டில் 18 பல் ஃப்ரீவீல் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துச் சுற்றும், மறுபக்கம் வெறுமனே ஓடும் சக்கரம்), நடுவே சாதாரண சைக்கிள் செயின். நிமிடத்துக்கு 60 முறை சுற்றினால் ஏறத்தாழ 11 வோல்ட் வரும், 24 வோல்ட் லாரி பல்பு சிவப்பாக மினுங்கும். வேகத்தை இரட்டித்தால் வெள்ளையாக எரியும்.

ஃப்ரீவீல் பாதுகாப்புக்காகவும்தான். அது இல்லாவிட்டால், பிள்ளை வேகமாகச் சுற்றிவிட்டுக் கையை எடுத்த பிறகும் மோட்டாரின் வேகம் கைப்பிடியைச் சுழற்றும். அது போய் மோதுவது பக்கத்தில் நிற்கும் தம்பியின் தாடையில். ஃப்ரீவீல் இருந்தால் கையை எடுத்ததும் கைப்பிடி அடங்கிவிடும். எதிர்ப்பக்கம் சுற்றினாலும் எதுவும் உடையாது, வெறுமனே ஓடும். பிள்ளை தானாகவே மறுபக்கம் சுற்றிப் பார்த்துக்கொள்ளும்.

உடைவது பெரும்பாலும் இணைப்புகளில்தான். சக்கரத்தைத் தண்டோடு கிரப் ஸ்க்ரூ என்ற தலையில்லாத சிறு திருகால் மட்டும் பிடித்தால் சில நாளிலேயே நழுவத் தொடங்கும். தண்டில் பள்ளம் வெட்டி, சக்கரத்தையும் தண்டையும் சேர்த்துப் பூட்டும் சிறு இரும்புக் கட்டையான ‘சாவி’ போட வேண்டும். நட்டெல்லாம் நைலாக்காக, அதாவது உள்ளே நைலான் வளையம் வைத்துத் தளராமல் பிடிக்கும் வகையாக, இருக்கட்டும். கைப்பிடியின் குமிழ் அதன் அச்சில் தனியாகச் சுழல வேண்டும், இல்லையென்றால் உள்ளங்கை உரிந்துவிடும். தண்டு தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் எட்டும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும். பெரியவர் ஒருவர் கைப்பிடியில் முழு எடையையும் போட்டுச் சாய்வார் என்று எண்ணியே தண்டின் தடிமனைக் கணக்கிட வேண்டும். செயினை முழுக்க மூடத்தான் வேண்டும், ஆனால் பாலிகார்பனேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால். உள்ளே சுற்றுவது தெரிவதும் பாடத்தில் சேர்ந்ததுதானே.

வருத்தமான தவறு ஒன்று உண்டு. பல்பு உருகிப்போனால் பராமரிப்பவர் நல்லெண்ணத்தில் எல்.இ.டி.யை மாட்டிவிடுவார். விளக்கு எரியும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும், ஆனால் காட்சிப்பொருள் செத்துவிட்டது. 10 வாட் எடுத்த இடத்தில் 1 வாட் எடுத்தால் கைக்கு வேறுபாடே தெரியாது. இதை ஓர் அட்டையில் எழுதி, பெட்டியின் உட்கதவில், பல்புக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைக்க வேண்டும். பல்பு உருகுவதற்கும் காரணம் உண்டு. மூன்று சுவிட்சையும் அணைத்துவிட்டு வெறும் கைப்பிடியை வேகமெடுக்க வைத்து, பிறகு ஒன்றை மட்டும் போடுவார்கள். ஒரு பல்பை சுவிட்சு இல்லாமல் நிரந்தரமாக இணைத்துவிட்டால் அந்த வேகத்தை எட்டுவது கொஞ்சம் கடினமாகும்.

விலங்குக்காட்சி சாலையிலும் கை சும்மா இருப்பதில்லை, கண்ணாடியைத் தட்டும். விலங்கைச் சீண்டுவது சட்டப்படி குற்றம் என்று பலகை வைத்தால் மட்டும் அது நிற்காது. தட்டுவது பெரும்பாலும் விலங்கு கண்ணில் படாததால்தான். பாம்பின் கூண்டில் வெதுவெதுப்பான கல்லைக் கண்ணாடியை ஒட்டி வைத்து, ஒளிந்துகொள்ளும் பொந்தைப் பின்னால் வைத்தால், அது பல நேரம் தானாக முன்னால் வந்து படுக்கும். பொந்தை எடுத்துவிடக்கூடாது. அது விலங்கின் உரிமை.

கைக்கு வேறு வேலை கொடுப்பது அடுத்தது. முதலைப் பண்ணைக்கு ஏற்றது ஒன்று: தண்ணீர்த் தொட்டியில் இரண்டு நெம்புகோல். ஒன்றின் நுனியில் கரியல் என்ற முதலை வகையின் மூக்கைப் போல ஒல்லியான கோல், மற்றதில் சதுப்புநில முதலையின் தாடையைப் போல அகலத் துடுப்பு. இரண்டையும் பக்கவாட்டில் வீசிப் பார்த்தால், மீனைக் கவ்வும் கரியலுக்கு ஏன் அவ்வளவு ஒடுங்கிய மூக்கு என்பது முழங்கையில் தெரிந்துவிடும். ‘வீசிப் பார்’ என்ற இரண்டு சொல் நெம்புகோலுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். கேள்வியும் விளக்கமும் அதற்குக் கீழே நாற்பது சொல்லுக்குள், கண்ணுக்கு எட்டும் அளவு எழுத்தில்.

தொட்டியின் அளவு 100 × 60 செ.மீ., தண்ணீர் 40 செ.மீ. உயரம் என்றால் 240 லிட்டர். தண்ணீரே 240 கிலோ, தாங்கியை அதற்குத் தக்கபடி செய்ய வேண்டும். உவர்ப்புத் தண்ணீர் ஊற்றினால் அக்ரிலிக்கில் வெள்ளைப் படிவு ஏறிவிடும், உப்பு நீக்கிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மேல்மூடி இறுக்கமாக இருக்கட்டும். நெம்புகோல் நுழையும் துளையில் ரப்பர் உறை போட்டால் தெறிப்பும் குறையும், கொசுவும் உள்ளே போகாது. தேங்கிய தெளிந்த தண்ணீரிலும் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதால், உறை இருந்தாலும் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை வடித்துத் தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வடிகுழாயைத் தொட்டியின் அடியிலேயே, வாளி நுழைகிற உயரத்தில் வைத்துவிட்டால் அந்த வேலை ஒருவரே முடிக்கிற வேலை.