காம்ப்ரஸர் பெடல் தேடுற நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

கிட்டாருக்கு ஒரு காம்ப்ரஸர் பெடல், அதாவது சத்தத்தோட ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமப்படுத்துற பெட்டி, வாங்குறதுன்னு முடிவு பண்ணியாச்சு. கிளீன் டோன்ல (கரகரப்பு சேர்க்காத சத்தம்) ஆர்பெஜியோ, அதாவது கார்டோட நோட்டுகளை ஒவ்வொண்ணா, வாசிக்கும்போது ஒரு நோட் பளிச்சுன்னு முன்னாடி வந்து நிக்குது, அடுத்தது அமுங்கிப் போகுது, ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா இன்னும் நல்லாவே தெரியுது. சத்தத்தைக் கரகரப்பாக்குற ஓவர்டிரைவ் பெடல் போட்டா இவ்வளவு தெரியாது, ஏன்னா அந்தக் கரகரப்பு, அதாவது டிஸ்டார்ஷனே சிக்னலோட உச்சியை வெட்டிடும், அதுவும் ஒரு வகை காம்ப்ரஷன்தான். கரகரப்பு நிறைய உள்ள ஹை கெயின் மட்டுமே வாசிக்கிறவங்க இந்தக் காசை வேற பெடல்ல போடலாம். நான் வாசிக்கிறது பெரும்பாலும் கிளீன், அதனால எனக்கு வேணும்.

மார்ச் 5, புதன்

இன்னைக்குப் பூரா படிப்புதான். எந்த அளவைத் தாண்டினா அமுக்கணும்ங்கிறது த்ரெஷோல்ட், எவ்வளவு அமுக்கணும்ங்கிறது ரேஷியோ. 4:1னு இருந்தா, த்ரெஷோல்டுக்கு மேல 8 டெசிபல் போற சிக்னல் வெளிய வரும்போது 2 டெசிபல் மேலதான் இருக்கும். அப்புறம் லெவல் நாப்பைத் திருப்பி மொத்தத்தையும் தூக்குறோம், அப்போ நோட்டோட மெலிசான வால் பகுதியும் சேர்ந்து மேல வருது, சஸ்டெய்ன் (நோட் நீளமா நிக்கிறது) கூடிடுச்சுன்னு நமக்குத் தோணுறது இதனாலதான். கூடவே சிங்கிள் காயில் பிக்கப்போட (ஸ்ட்ரிங் அதிர்வை சிக்னலாக்குற பாகம்) ஹம் இரைச்சலும் மேல வரும், அதுல இருந்து எந்தப் பெடலும் முழுசா தப்பிக்க முடியாது.

மார்ச் 8, சனி

நண்பன்கிட்ட இருந்து ரெண்டு நாப் உள்ள பழைய பெடல் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப் 1970கள்ல கொண்டு வந்த வகை, வெளிய வர்ற சத்தத்துக்கு அவுட்புட் ஒண்ணு, அமுக்கல் அளவுக்கு சென்சிட்டிவிட்டி ஒண்ணு, அவ்வளவுதான். ஃபங்க் ரிதம் வாசிச்சா அப்படி ஒரு துள்ளல், கை எடுக்கவே மனசு வரல. ஆனா ஆர்பெஜியோவுக்கு வந்தா கதை வேற. பிக் ஸ்ட்ரிங்ல பட்ட உடனே வர்ற அந்த "டக்" இருக்கே, சென்சிட்டிவிட்டியைப் பாதிக்கு மேல ஏத்தினா அது மழுங்கிடுது, நோட் பின்னாடி இருந்து வீங்கி வர்ற மாதிரி கேக்குது. மெதுவா அடிச்சாலும் பலமா அடிச்சாலும் ஒரே அளவு. என் வலது கை பண்றது எதுவுமே ஆம்ப் வரைக்கும் போகல, அதை நான் விட்டுத்தர மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

அப்போ பார்க்க வேண்டியது அட்டாக். காம்ப்ரஸர் எவ்வளவு சீக்கிரம் பிடிக்குதுங்கிறது அது. கொஞ்சம் தாமதமா பிடிச்சா "டக்" தப்பிச்சு வெளிய வந்துடும், அதுக்கப்புறம்தான் அமுக்கல் ஆரம்பிக்கும். 1986ல வந்த பாஸ் சிஎஸ்-3 காம்ப்ரஸர் பெடல்ல இதுக்குன்னே தனி நாப் இருக்கு. நாப்பை எந்தப் பக்கம் திருப்பினா வேகம்ங்கிறதை மட்டும் மேனுவல்ல பார்த்துக்கணும், ஸ்டுடியோல இருக்கிற 1176ங்கிற காம்ப்ரஸர்ல வலது பக்கம் திருப்பினா அட்டாக் வேகமாகும், எல்லாத்துலயும் அப்படின்னு நம்ப முடியாது. ஆப்டிகல் வகை காம்ப்ரஸர் வேற மாதிரி, உள்ள ஒரு விளக்கும் ஒளியை உணர்ற பாகமும் சேர்ந்து வேலை செய்யுது, பிடிக்கிறதும் விடுறதும் பொதுவா நிதானமா இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

ப்ளெண்ட் நாப் உள்ள ஒண்ணை இன்னைக்கு வாசிச்சுப் பார்த்தேன், தேடினது இதைத்தான்! அமுக்கின சிக்னலோட அமுக்காத சிக்னலையும் கலந்து விடுது, அடில நோட் நீளமா நிக்குது, மேல பிக் சத்தம் அப்படியே உயிரோட இருக்கு. அமுக்கலை நல்லா ஏத்திட்டு ப்ளெண்டைப் பாதிக்குக் கீழ வச்சேன், மெதுவா தொட்டா மெதுவா, பலமா அடிச்சா பலமா, ஆனா எந்த நோட்டும் காணாம போகல. மத்த நாப் எது இல்லாட்டியும் இது இருக்கணும்.

மார்ச் 16, ஞாயிறு

எக்ஸோடிக் எஸ்பி காம்ப்ரஸர்னு முடிவு பண்ணி ஆர்டர் போட்டாச்சு. ப்ளெண்ட் வெளிய இருக்கு, அட்டாக் உள்ள குட்டி சுவிட்ச்ல, மூடியைக் கழட்டித்தான் மாத்தணும். எனக்கு அது பரவாயில்ல, அட்டாக்கை ஒரு தடவை செட் பண்ணிட்டா அப்புறம் தொடப் போறதில்ல. போர்டுல ட்யூனருக்கு அடுத்து, ஓவர்டிரைவுக்கு முன்னாடி வைக்கப் போறேன். பின்னாடி வச்சா ஓவர்டிரைவோட இரைச்சலையும் சேர்த்து இது தூக்கி விடும். ஹம்பக்கர் (ரெண்டு காயில் உள்ள பிக்கப்) கிட்டாரைச் சொருகினா சிக்னல் பலமா வரும், அதே செட்டிங்ல அமுக்கலும் கூடும், அதுக்குத் தனியா ஒரு செட்டிங் குறிச்சு வச்சுக்கணும்.