புள்ளி மறைந்த பிறகு பத்து நாள்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மீன் தொட்டியின் பில்டர் நின்றுவிட்டது. மூன்றடித் தொட்டியில் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் காற்று சேர்த்துப் பார்த்தோம். அப்படியும் ஏஞ்சல் மீன்கள் நான்கில் இரண்டு போய்விட்டன. தொட்டி வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், மூன்றாவது வாரம் அலங்கார மீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூருக்குப் போய் இரண்டு கிளவுன் லோச் மீன்கள் வாங்கி வந்தேன். தனியே வைத்துப் பார்க்காமல் நேராகத் தொட்டியில் விட்டேன். தவறு அங்கேதான் நடந்தது.

நான்காம் நாள் சின்ன லோச்சின் வாலில் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். உடம்பைக் கல்லில் உரசிக்கொண்டே இருந்தது. கடைகளில் ஒயிட் ஸ்பாட் என்பார்களே, அதேதான். மார்கழிக் குளிரில் தொட்டித் தண்ணீர் காலையில் 24 டிகிரிக்கு இறங்கியிருந்தது. புயலில் பலவீனப்பட்ட மீன்களுக்கு அது போதும்.

இந்த நோயோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. இரண்டு வருடம் முன்பு மெத்திலீன் புளூ ஊற்றினேன். நாலு நாளில் புள்ளிகள் போயின, நானும் நிம்மதியாக மருந்தை நிறுத்தினேன். அடுத்த வாரமே முன்னைவிட மூன்று மடங்காக வந்து, இருந்த பிளாட்டி மீன்களை எல்லாம் கொண்டுபோனது. ஏன் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் புகுந்து வளரும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்து முடித்ததும் தானே உதிர்ந்து சரளைக்கல்லில் ஒட்டிக்கொண்டு, உறை கட்டிக்கொண்டு, உள்ளேயே நூற்றுக்கணக்கில் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும் ஒன்றிரண்டு நாளில்தான் மருந்தோ உப்போ அவற்றைக் கொல்லும். ஆக, மீனின் மேல் புள்ளி இல்லாத நாளில் நோய் கல்லுக்கு அடியில் இருக்கிறது. அன்றைக்கு மருந்தை நிறுத்துவதைப்போல ஆபத்து வேறில்லை.

இந்த முறை மருந்து வேண்டாம் என்று முடிவு செய்தேன். லோச்சுக்குச் செதில் மிகச் சிறியது. மாலகைட் கிரீன் போன்ற மருந்துகளை அது தாங்காது. சூடும் உப்பும் மட்டும். 100 வாட் ஹீட்டர் வாங்கி, ஒரு நாளைக்கு 2 டிகிரி வீதம் ஏற்றி, மூன்றாம் நாள் 30 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். 25 டிகிரியில் ஒரு வாரம் போல எடுக்கும் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி சூட்டில் வேகமாக ஓடும், அதனால் உப்பு கொல்லக்கூடிய நாள் சீக்கிரம் வரும். 30-ஐத் தொட்டால் பெருக முடியாமல் திணறும். ஆனால் சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு என்பதால் இரண்டாவது ஏர் பம்பும் போட்டேன். தொட்டியில் 90 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 180 கிராம் கல் உப்பு. அதை மூன்று பங்காக, கரைத்துக் கரைத்து, ஒன்றரை நாளில் சேர்த்தேன்.

நாலாம் நாள் காலையில் சின்ன லோச் செத்துக் கிடந்தது. உடம்பில் புள்ளி அவ்வளவாக இல்லை. ஆனால் முந்தின இரவு முழுக்கச் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. செவுளுக்குள் புகுந்த ஒட்டுண்ணி கண்ணுக்குத் தெரியாது. வாங்கி வந்த எட்டாம் நாளே போய்விட்டது என்று மகள் அழுதாள். அன்றிலிருந்து டார்ச்சோடு அவள்தான் புள்ளி எண்ணினாள். "அப்பா, பெரிய லோச்சுக்கு முதுகுல பதினொண்ணு, ஏஞ்சலுக்கு வால்ல நாலு." நோட்டில் எழுதி வைத்தாள். மறுநாள் 9, 2. அதற்கடுத்த நாள் 3, 0.

ஏழாம் நாள் எல்லாம் 0.

அன்றிலிருந்து பத்து நாள் எதையும் மாற்றவில்லை. தினமும் குழாயால் சரளைக்கல்லைக் கிளறி 15 லிட்டர் உறிஞ்சி எடுப்பேன். உதிர்ந்தது அங்கேதானே கிடக்கிறது. முந்தின இரவே குளோரின் போக வாளியில் பிடித்து வைத்து, காற்றுக் குழாய் போட்டு வைத்த மெட்ரோ தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்து, தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுவேன். எடுத்த 15 லிட்டருக்கு ஈடாக 30 கிராம் உப்பு. இதை மறந்தால் ஒரு வாரத்தில் உப்பு பாதிக்கும் கீழே போய்விடும். கபோம்பா செடி அழுகியது, நத்தைகள் செத்தன. உடனுக்குடன் எடுத்துப் போட்டேன், இல்லையென்றால் மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறும். ஜாவா பெர்ன் செடி அசையாமல் நின்றது. பில்டர் ஸ்பாஞ்சைத் தொடவே இல்லை. அம்மோனியாவை மாற்றித் தண்ணீரைச் சுத்தமாக்கும், புயலில் செத்த நல்ல பாக்டீரியா அதில் இப்போதுதான் திரும்ப வளர்ந்துகொண்டிருந்தது.

பத்தாம் நாள் முடிந்ததும் ஹீட்டரை மெல்ல 27-க்கு இறக்கினேன். தண்ணீர் மாற்ற மாற்ற உப்பும் குறைந்தது. புள்ளி திரும்பவில்லை. மாசிவரை தினமும் பார்த்தேன், இல்லை.

இப்போது சமையலறை மேடைக்குக் கீழே 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. அதற்கான ஸ்பாஞ்ச் பில்டர் எப்போதும் பெரிய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும். தேவைப்படும்போது பாக்டீரியாவோடு அப்படியே டப்புக்கு மாற்றிவிடலாம். வலையும் அதற்குத் தனி. புது மீன் எதுவானாலும் மூன்று வாரம் அங்கேதான். பெரிய லோச் ஒற்றையாக ஒளிந்துகொண்டே இருந்ததால் துணைக்கு மூன்று வாங்கியிருக்கிறேன். லோச் கூட்டமாக இருந்தால்தான் தைரியமாக வெளியே வரும். இன்று ஒன்பதாம் நாள். மகள் டார்ச்சை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.