உலக்கை நின்ற நாட்கள்

2010 ஜனவரி 15, தை அமாவாசை. முக்கூடல் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஆற்றில் முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு அவசரமாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கிரகணம் பிடித்துவிட்டது என்று சில வீடுகளில் கதவைச் சாத்தியிருந்தார்கள். பள்ளிகளிலும் ஊர்களிலும் வானத்தையும் அறிவியலையும் பற்றிப் பேசுகிற இந்த வேலைக்கு நான் அப்போதுதான் வந்திருந்தேன். தோள்பையில் ஐம்பது கிரகணக் கண்ணாடிகளும் தலைக்குள் அதைவிட அதிகமாகச் சொற்களும் இருந்தன.

ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம். பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் நீர், அதன் நடுவில் யாரும் பிடிக்காமல் நெட்டுக்குத்தாக நிற்கும் உலக்கை. கிரகணம் விட்டதும் உலக்கை தானே விழுந்துவிடும் என்று அந்த வீட்டு ஆச்சி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே புகுந்தேன். உலக்கையின் அடிப்பூண் தட்டையானது, எடையின் மையம் அந்தப் பூணின் வட்டத்துக்குள் விழுகிறவரை அது நிற்கும், சூரியனும் நிலவும் ஏறத்தாழ ஒரே பக்கம் வருவது அமாவாசைதோறும் நடப்பதுதான் என்று அடுக்கினேன். ஆச்சி ஒன்று சொன்னால் நான் இரண்டு சொன்னேன். கூட்டம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அப்போது ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், தரையெல்லாம் வளையல் கிடக்கிறது."

திரும்பிப் பார்த்தேன். வேப்ப மரத்தடியில் நூற்றுக்கணக்கான ஒளி வளையங்கள். இலைகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு பொத்தலும் ஓர் ஊசித்துளைக் கேமராவாகி, வானத்தில் இருந்த சூரியனை அப்படியே மண்ணில் இறக்கிவைத்திருந்தது. நான் பார்த்தபோதே வளையல்கள் ஒரு பக்கம் விண்டுகொண்டிருந்தன. இன்னும் ஒரு நிமிடத்தில் எல்லாம் பிறையாகிவிட்டன.

ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும், அதனால் சூரியன் சற்றுப் பெரிதாகத் தெரியும். அந்த வாரம் நிலவோ தன் பாதையின் தூரமான முனையை ஒட்டி இருந்தது, அதனால் சிறிதாகத் தெரிந்தது. சிறிய நிலவு பெரிய சூரியனை முழுதும் மூடமுடியாமல் ஓரம் வளையமாக மிஞ்சுவதுதான் வளையக் கிரகணம். இரண்டும் சேர்ந்து வாய்த்ததால், இந்த ஆயிரமாண்டிலேயே நீண்ட வளையக் கிரகணம் அதுதான். இந்தியப் பெருங்கடலின் நடுவே 11 நிமிடங்களைத் தாண்டி நீடித்தது. நெல்லைச் சீமைக்கும் பல நிமிடங்கள் கிடைத்தன. அவ்வளவு நேரமும் நான் ஓர் உலக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அதோடும் விடவில்லை. நாலு மணிக்கு, கிரகணம் முழுதும் விட்ட பிறகு, அதே உலக்கையை மறுபடி நிறுத்திக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. உலக்கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அன்று இரவு தொலைநோக்கியில் வானம் காட்டியபோது அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகளின் முன்னால் அவரை நான் சிறுமைப்படுத்திவிட்டேன் என்பது எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று.

அதன் பிறகு வேலையை வேறு விதமாகச் செய்யக் கற்றுக்கொண்டேன். முதலில் அவர்கள் கை, பிறகு அவர்கள் கண், கடைசியில்தான் என் வாய்.

பள்ளிகளில் ஒரு பனம்பழமும் ஓர் எலுமிச்சையும் கொண்டுபோவேன். அரை அடி அகலமுள்ள பனம்பழம் பூமி என்றால் எலுமிச்சை நிலா. எவ்வளவு தள்ளி வைக்கவேண்டும் என்று கேட்டால், எந்த ஊரிலும் பிள்ளைகள் ஒரு முழத்தில் வைப்பார்கள், துணிந்தவர்கள் இரண்டு முழம். பாடநூல் படத்தில் அப்படித்தானே இருக்கிறது! பூமியின் விட்டத்தைப்போல் முப்பது மடங்கு தூரம் என்று சொல்லி, பழத்தைத் தரையில் உருட்டி உருட்டி அவர்களையே அளக்கவிடுவேன். பதினைந்து அடி வரும். எலுமிச்சையோடு ஒரு பிள்ளை வகுப்பின் வாசலுக்கே போய் நிற்கவேண்டியிருக்கும். சூரியன் எங்கே என்று அடுத்த கேள்வி தானாக வரும். ஒரு பனை உயரத்துக்குப் பந்து செய்து, ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தள்ளி, அடுத்த ஊர்க் குளத்தங்கரையில் வைக்கவேண்டும் என்பேன். வகுப்பில் பேச்சு நின்று, எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பும். அந்தத் தூரத்தை அவர்கள் சைக்கிள் மிதித்துப் போயிருக்கிறார்கள்.

மாசி மாத இரவுகளில் தெற்கே அகத்தியர் நட்சத்திரத்தைக் காட்டுவேன். பெரியவர்கள் அதை எனக்கு முன்பே கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். பொதிகை மலைக்காரர்களுக்கு அகத்தியரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிரியஸுக்கு அடுத்தபடியாக இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீன் அது என்றும், இப்போது உங்கள் கண்ணில் விழும் ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறத்தாழ 310 ஆண்டுகள் ஆகின்றன என்றும் மட்டும் சேர்ப்பேன். பூலித்தேவன் பிறந்த காலத்தில் கிளம்பிய ஒளி. "அப்படியென்றால் இன்றைக்குக் கிளம்புகிற ஒளி?" என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு அந்த இரவு போதும்.

செங்கோட்டையில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போன நிகர் ஷாஜி ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் ஆனார். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்கும் விண்கலம் அது. அரசுப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது நான் எதையும் விளக்குவதில்லை. அவர் படித்த ஊர்ப் பெயர்களை மட்டும் வரிசையாகச் சொல்வேன். அந்த ஊர்களுக்குப் போகிற பஸ்ஸின் எண் அவர்களுக்குத் தெரியும்.

2019 டிசம்பர் 26 கிரகணம் வந்தது. வளையம் கோவை, திண்டுக்கல் பக்கம் விழுந்தது, நமக்குப் பெரும்பகுதி மறைந்த சூரியன் மட்டும். அதற்கு ஒரு வாரம் முன்பு நான் அந்த முக்கூடல் பக்கத்து ஊருக்குப் போனேன். ஆச்சி திண்ணையில் இருந்தார். பார்வை சற்று மங்கியிருந்தது, என்னை அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு நான் நடந்துகொண்டது தவறு என்று சொன்னேன். "அதற்கென்ன தம்பி, உட்கார்" என்றார். ஒன்பது ஆண்டுகளாக எனக்குள் கிடந்த பேச்சு இரண்டு சொற்களில் முடிந்துவிட்டது.

உலக்கை இருக்கிறதா என்று கேட்டேன். கதவிடுக்கில் சாத்தியிருந்தது. நீங்களே நிறுத்திக் காட்டுங்கள் ஆச்சி, எனக்குக் கைப்பக்குவம் போதவில்லை என்றேன். உண்மை அதுதான். 2010இல் எனக்கு ஆறேழு முறை சாய்ந்த பிறகே நின்றது. அவர் எழுந்து, உலக்கையை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது என்றார். விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. உலக்கை நின்றது.

ஆச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்றைக்குக் கிரகணம் இல்லையே."

நான் வாய் திறக்கவில்லை. 

"எங்கள் அம்மாவும் கிரகணத்தன்றைக்குத்தான் நிறுத்துவாள்" என்றார் கொஞ்சம் கழித்து. "மற்ற நாளில் நெல் குத்தவே பொழுது போதாது. உலக்கையை நிறுத்திப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?"

ஒரு நம்பிக்கை எப்படித் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. கிரகண நாளில் அடுப்பு இல்லை, உரல் இல்லை, சோதித்துப் பார்க்க ஓய்வு இருந்தது. மற்ற நாட்களில் அந்த ஓய்வு பெண்களுக்கு இல்லை. 26ஆம் தேதி காலை அதே திண்ணையில் கிரகணக் கண்ணாடியோடு அவர் உட்கார்ந்திருந்தார். மூளியான சூரியனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியைப் பேத்தியிடம் கொடுத்தார்.

2023 ஆகஸ்ட் 23 மாலை நான் ஆலங்குளம் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்தேன். சமுதாய நலக்கூடத்தில் டிவி வைத்து, சந்திரயான்-3 இறங்குவதைக் காட்ட ஏற்பாடு. பீடி சுற்றும் பெண்கள் தட்டை மடியில் வைத்தபடியே வந்து உட்கார்ந்தார்கள். ஆயிரம் முடிக்காமல் நாள் முடியாது என்பதால் கண் திரையில் இருந்தாலும் விரல் ஓடிக்கொண்டிருந்தது. சந்திரயானைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் கடைசி அடுக்கு எஞ்சினைப் போன்றவற்றை நம் மகேந்திரகிரியில்தான் எரித்துச் சோதிக்கிறார்கள், அதில் ஊற்றும் ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரிக் குளிரில் திரவமாக இருக்கும் என்று இடையில் சொன்னேன். காவல்கிணறு பக்கம் வாழ்க்கைப்பட்ட மகளைப் பற்றி ஒருவர் பேச ஆரம்பித்தார். 6 மணி 4 நிமிடத்துக்குச் சக்கரம் இல்லாத அந்த வண்டி நான்கு காலில் இறங்கியபோது விரல்கள் எல்லாம் நின்றிருந்தன.

வெளியே வந்தோம். சூரியன் இன்னும் விழவில்லை, தெற்கு வானில் ஏறக்குறைய அரை நிலா வெளிறி நின்றது. ஏழு மணிக்கு இருட்டியதும் ஆறு அங்குலத் தொலைநோக்கியை அதன்மேல் திருப்பினேன். இந்தக் குழாயில் தலைகீழாகத் தெரியும், வண்டி இறங்கிய தென்கோடி மேலே இருக்கும் என்று சொல்லி, வெளிச்சமும் இருட்டும் பிரிகிற கோட்டைப் பார்க்கச் சொன்னேன். இருட்டுப் பக்கத்தில் தனித்தனியாகப் பொட்டு வைத்ததுபோல் வெளிச்சம் இருக்கும், அவை பள்ளங்களின் உயர்ந்த விளிம்புகள், அங்கே விடிந்துகொண்டிருக்கிறது. இறங்கிய இடத்திலும் இப்போதுதான் விடிந்திருக்கிறது.

ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா கண்ணை எடுக்காமல் கேட்டார்: "வண்டி தெரியுமா தம்பி?"

"தெரியாது அக்கா. ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சிறிய எதையும் இந்தக் குழாய் அங்கே பிரித்துக் காட்டாது."

"இடம் தெரிகிறதே." பார்த்துக்கொண்டே இருந்தார். "எத்தனை நாள் வேலை செய்யும்?"

"ஒரு பகல் முழுவதும். அங்கே ஒரு பகல் என்றால் நமக்குப் பதினான்கு நாள்."

"பதினான்கு நாள் பொழுது அடையாதா? எத்தனை ஆயிரம் சுற்றிவிடலாம்!" என்று தட்டைத் தட்டிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு, "இரவும் பதினான்கு நாளா?" என்றார். ஆமாம் என்றேன். அந்தக் குளிரைத் தாங்கும்படி வண்டியைச் செய்யவில்லை என்றும், பௌர்ணமி கழிந்து நிலா தேயும்போது இதே கோடு மறுபடி அந்த இடத்துக்கு வரும், அப்போது அது அந்திக் கோடு என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவருக்கு இடம் விட்டார்.

செப்டம்பர் 4 காலையில் விக்ரம் லேண்டரை, நிலாவில் இறங்கிய அந்த வண்டியை, உறங்கவைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அன்று இரவு பத்தரை மணிக்கு என் கைபேசி ஒலித்தது. நிகழ்ச்சிக்காக நான் கூடத்துச் சுவரில் எழுதிவைத்திருந்த எண்ணைப் பார்த்து அந்த அக்கா கூப்பிட்டிருந்தார். மொட்டை மாடியில் நிற்பதாகச் சொன்னார். செய்தி எதுவும் அவர் கேட்டிருக்கவில்லை.

"இப்போதுதான் நிலா ஏறுகிறது தம்பி. அந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது. அங்கே பொழுது அடைந்துவிட்டதா?"