காலையில என்ன சாப்பிட்டீங்க?

2014இல் ஜவ்வாது மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் உதவி மருத்துவராகச் சேர்ந்தபோது இரண்டு வருடக் கணக்கோடுதான் போனேன். எங்கள் செட்டில் பாதிப் பேருக்கு அதே கணக்கு. இரண்டு வருடம் அரசுப் பணி முடித்தால் பட்டமேற்படிப்புக்கு (பி.ஜி.) அரசு மருத்துவர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் நிற்கலாம். மலை, எட்டாத ஊர் என்றால் மதிப்பெண்ணும் கூடும். குழந்தைகள் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. குவார்ட்டர்ஸுக்கு ஒரு பெட்டித் துணியும் நுழைவுத்தேர்வுப் புத்தகங்களும்தான் கொண்டுபோனேன். பீரோ வாங்கித் தருகிறேன் என்ற அம்மாவிடம், "ரெண்டு வருஷத்துக்கு எதுக்கும்மா" என்றேன்.

இன்றும் அதே தாலுகாவில்தான் இருக்கிறேன். இடையில் ஒரு மாறுதல், பக்கத்து வட்டாரத்துக்கு. அங்கிருந்து கேட்டு வாங்கித் திரும்பி வந்துவிட்டேன். பயிற்சிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்கள் நாலைந்து நாள் பழகியதும் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "மேடம், பி.ஜி. போகலையா?" உறவுக்காரர்களுக்கு அந்தத் தயக்கமும் கிடையாது. "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?" என்பார்கள். அந்த 'வெறும்' என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மருத்துவக் கல்லூரியில் நோயாளி என் முன்னால் வரும்போதே பாதி விடையும் கூட வந்துவிடும். இதய வார்டில் படுத்திருந்தால் இதயம், தோல் ஓ.பி.யில் நின்றால் தோல். யாரோ ஒருவர் முன்பே பார்த்து, பிரித்து, அனுப்பியிருப்பார். இங்கே அந்த யாரோ ஒருவர் நான். காலை எட்டரைக்கே சீட்டுப் போட வரிசை நிற்கும். மதியத்துக்குள் நூற்றிருபது பேர் வரை பார்த்திருப்பேன். 'மேலுக்கு முடியல', 'கிர்ருனு வருது', 'கை காலெல்லாம் கொடைச்சல்', 'சோறு எறங்கல'. பாடப்புத்தகத்தில் இப்படி ஓர் அத்தியாயம் கிடையாது. இவர்களில் பெரும்பாலோருக்கு நான் எதுவும் செய்யாவிட்டாலும் நாலு நாளில் சரியாகிவிடும். ஒருவருக்கு மட்டும் ஆகாது. அவர் எழுபத்து மூன்றாவது டோக்கனில் வருவார், மற்ற எழுபத்திரண்டு பேரும் சொன்ன அதே வார்த்தையைச் சொல்வார்.

சேர்ந்த வருடம் மார்கழியில் அப்படி ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். ஆறு நாளாகக் காய்ச்சல். டவுனில் இரண்டு ஊசி போட்டாயிற்று, டெங்கு இல்லை என்று சீட்டும் கையில் இருந்தது. கண் சிவந்து, தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம் என்று நான் சீட்டு எழுதத் தொடங்கியபோது, அங்கே இருபது வருடமாக வேலை பார்த்த செவிலியர் மெதுவாகக் கேட்டார்: "மேடம், ஒருதரம் உடம்பு முழுக்கப் பார்த்துடலாமா?" உள்ளே அழைத்துப்போய்ப் பார்த்தோம். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. வலி இல்லாததால் அவளுக்கே தெரியவில்லை. உண்ணிக் காய்ச்சல். புல் அறுக்கும் இடத்தில், கண்ணுக்கே தெரியாத சின்ன உண்ணியின் கடியில் வருவது. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாள். இரண்டாம் நாள் இரவே காய்ச்சல் விட்டது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய் ஆளையே எடுத்துவிடும் நோய் அது.

நான் இதைப் படித்திருந்தேன், தேர்வில் எழுதியும் இருந்தேன். நாடா இறுக்கும் இடத்தில் தேட வேண்டும் என்பதை அந்த சிஸ்டர்தான் கற்றுக்கொடுத்தார். அந்த வாரமே ஓ.பி. அறையில் கம்பி அடித்து ஒரு மறைப்புத் துணி தொங்கவிட்டோம். குளிர்காலத்தில் ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் எது வந்தாலும் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், காதுக்குப் பின்னால் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இனி நான் செய்த தவறு. மாதாமாதம் வரும் ஓர் அம்மா, அப்போது ஐம்பத்தாறு வயது. சர்க்கரை. மெட்ஃபார்மின் 500, இரண்டு வேளை. வெறும் வயிற்றில் பார்த்தால் 240. சர்க்கரையை இன்னும் இறக்கும் கிளிபென்கிளமைடு அரை மாத்திரை சேர்த்தேன். அடுத்த மாதம் ஒன்று. குறையவில்லை, காலை ஒன்று, இரவு ஒன்று. எட்டு மாதம் இப்படி. ஒவ்வொரு முறையும், "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?" என்பேன். "போடறேன் டாக்டரம்மா" என்பார். கடைசியில் ஒரு நாள், வரிசையில் இத்தனை பேர் நிற்க, குரலை உயர்த்திவிட்டேன். காலை எடுக்க வேண்டிவரும், கண் போய்விடும் என்றெல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சில்லை. குளுக்கோமீட்டரில் 38. சர்க்கரை அபாயமாக இறங்கியிருந்தது. நரம்பில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற ஏறக் கண் திறந்தார். மகன் வாசலில் நின்றபடி சொன்னான்: "நீங்க திட்டினதுல பயந்து நாலு நாளா ஒரு வேளை விடாம மாத்திரை போட்டுச்சு டாக்டர்." அந்த மாத்திரையின் வேகம் லேசில் அடங்காது, சர்க்கரை மறுபடி இறங்கும். டிரிப்போடு 108இல் ஏற்றி அனுப்பிவிட்டு, என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். வரிசை அப்படியே நின்றது.

அவர் வீடு திரும்பியதும் கிராம சுகாதார செவிலியரோடு போய்ப் பார்த்தேன். அன்றுதான் விஷயம் தெரிந்தது. நூறு நாள் வேலைக்கு எட்டு மணிக்கெல்லாம் ஏரிக்கரையில் இருக்க வேண்டும். காலையில் ஒரு டீ. சோறு பதினொரு மணிக்கு மேல்தான். மாத்திரை போட்ட அன்றெல்லாம் மண்வெட்டி பிடிக்கும்போது கை நடுங்கும், கண் இருட்டும். அதனால் வேலை நாளில் மாத்திரையை விட்டுவிட்டார். தன் வயிற்றுக்கும் உழைப்புக்கும் தக்க அளவை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். எட்டு மாதத்தில் அதை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. "சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன் கண்ணு" என்றார். டாக்டரம்மா என்று சொல்லாமல் கண்ணு என்றது அன்றுதான் முதல் தடவை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கிளிபென்கிளமைடை நிறுத்தினேன். மெட்ஃபார்மினைச் சோற்றோடு சேர்த்தேன். பல மாதம் கழித்துத்தான் அதே வகையில் சீக்கிரம் அடங்கும் கிளிப்பிசைடு, அதுவும் சாப்பாட்டு நேரத்தைக் கேட்டுக்கொண்டு. அன்றிலிருந்து சர்க்கரைக்காரர் யார் வந்தாலும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்பது, "காலையில என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு?" அந்தக் கேள்விக்கு வரும் பதிலில் குடும்பமே வந்துவிடும். மருமகளோடு பேச்சில்லை, அடுப்பு தனி, ரேஷன் அரிசி இன்னும் வரவில்லை, கணவர் கர்நாடகத்தில் காபித் தோட்டத்தில். இவையெல்லாம் மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் தகவல்கள். பெரிய மருத்துவமனையில் இதைக் கேட்க நேரமில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. அங்கே நோயாளி ஒரு முறை வருவார். இங்கே மாதாமாதம், வருடக்கணக்காக, அதே பெஞ்சில் வந்து உட்காருவார். இன்று கேட்க மறந்ததை அடுத்த மாதம் கேட்கலாம். இந்த வேலையில் என் கையில் இருக்கும் மிகப் பெரிய கருவி அதுதான். ஸ்டெதாஸ்கோப்பெல்லாம் அதற்குப் பிறகு.

வேலையில் பிடிக்காதது ஏதும் இல்லையா என்றால், உண்டு. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசு வகுத்த கணக்கு. அந்த மக்களின் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மட்டும் நாங்கள் பொறுப்பில்லை. குடிநீர்த் தொட்டியின் குளோரின், டெங்கு சீசனில் வீட்டுக்கு வீடு தேங்கிய தண்ணீர், பள்ளிக்கூட முகாம், செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள், புதன்கிழமை தடுப்பூசி, மருந்து இருப்பு, இவை எல்லாவற்றுக்கும் கணினிப் பதிவு. நோயாளி முகத்தைப் பார்க்கிற நேரத்தைவிடத் திரையைப் பார்க்கிற நேரம் கூடிப்போகும் நாட்களில் மனம் சோர்ந்துவிடும். நான் எழுதி அனுப்பும் கடிதங்களுக்கு மேலிடத்து மருத்துவமனைகளிலிருந்து பதில் வருவது அபூர்வம். மஞ்சப்பை நிறையச் சீட்டுகளோடு திரும்பி வந்து, "பெரிய டாக்டர் என்ன சொன்னார்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். அதையும் என் வேலையாகத்தான் நினைக்கிறேன். பதினொரு சீட்டுகளைத் தரையில் தேதி வாரியாகப் பரப்பி வைத்து, ஒரே மருந்தை இரண்டு பெயரில் ஒரு தாத்தா விழுங்கிக்கொண்டிருந்ததை ஒருநாள் கண்டுபிடித்தேன்.

முதல் பி.ஜி. நுழைவுத்தேர்வில் கிடைத்த தரவரிசைக்கு வேறு பிரிவில் இடம் கிடைத்திருக்கும். போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். வேல்ஸில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தவர். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதியவர். வந்தவர்களோடு நிற்காமல், தன் பொறுப்பில் இருந்த ஊராருக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்த்தார். எங்கள் துணை சுகாதார நிலையம் ஒன்றின் கிராமங்களில் நாங்களும் அதை முயன்றோம். முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் பிரஷர். எளிதாக வந்தவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று முறை தோட்டத்துப் பக்கமாக நழுவிப்போன ஒருவருக்கு 190/110. டிராக்டர் ஓட்டுபவர். தலைவலி கூட வந்ததில்லையாம். வரிசையில் நிற்பவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவரை நான் பக்கவாதத்தோடுதான் சந்தித்திருப்பேன்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது எங்களுக்கு நிஜமாகவே கை முளைத்த மாதிரி இருந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்களே அவர்கள். யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், பி.ஜி. போகலையா என்ற அதே கேள்வியைக் கேட்டாள். நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் தன்னார்வலரிடமிருந்து போன். அந்த ஏரிக்கரை அம்மாதான், இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார், வேலைக்குப் போவதில்லை. "மேடம், மகன் பெங்களூர் போனதிலிருந்து ராத்திரிச் சாப்பாடு சரியா இல்ல. ஒரு டம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். விடியக்காலம் வேர்த்துக் கொட்டுதாம்."

இரவு கிளிப்பிசைடை நிறுத்தச் சொன்னேன். தலைமாட்டில் நாட்டுச்சர்க்கரை டப்பா வைக்கச் சொன்னேன். அந்தப் பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் ஓ.பி. முடிந்ததும் அந்த அம்மா வீட்டுக்குப் போகிறேன், கூட வருகிறாயா என்றேன்.